ஹைபர்நேட் ஆன லேப்டாப் ஏன் எழ மறுக்கிறது?

"நேத்து ராத்திரி ஹைபர்நேட்லதான் போட்டேன். காலைல பார்த்தா பேட்டரி சுத்தமா காலி." லேப்டாப் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. கேட்பவர் உடனே பேட்டரியை மாற்றச் சொல்வார், இல்லையென்றால் விண்டோஸை மறுபடி போடச் சொல்வார். ஆனால் புகாரின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. உண்மையிலேயே ஹைபர்நேட் ஆன லேப்டாப், அணைத்துவைத்த லேப்டாப் அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும். நல்ல பேட்டரி ஓர் இரவில் அப்படித் தீராது. ஆகவே அந்த லேப்டாப் ஹைபர்நேட் ஆகவே இல்லை, அல்லது ஆகிவிட்டு நடுராத்திரியில் எழுந்துகொண்டது. இரண்டும் வெவ்வேறு கோளாறு, வைத்தியமும் வேறு.

இந்தக் குழப்பத்தால் நன்றாக இருந்த பேட்டரியைக் காசு கொடுத்து மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றிய பிறகும் காலையில் பேட்டரி காலிதான். அதனால் ஹைபர்நேட் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். அது பிடிபட்டால், கோளாறு எந்த இடத்தில் என்று பாதி நேரம் நீங்களே சொல்லிவிடலாம்.

பாதியில் நின்ற ஆட்டம்

நீங்களும் நண்பரும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பலகையை அப்படியே மேசையில் விட்டுவிட்டு ஒருவரைக் காவலுக்கு உட்கார வைக்கலாம். திரும்பி வந்ததும் ஒரு நொடிகூட வீணாக்காமல் அடுத்த காயை நகர்த்தலாம். ஆனால் காவலாள் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். அவர் சோர்ந்து விழுந்துவிட்டால் பலகையும் கலைந்துவிடும், ஆட்டம் போச்சு. இது ஸ்லீப்.

அல்லது எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, காய்களைப் பெட்டியில் போட்டுவிடலாம். காவல் தேவையில்லை. ஒரு மாதம் கழித்து வந்தாலும் நோட்டைப் பார்த்து அடுக்கி, விட்ட இடத்திலிருந்து ஆடலாம். எழுதவும் அடுக்கவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இது ஹைபர்நேட்.

ஆட்டத்தையே முடித்துக்கொண்டு போய்விட்டால் அது ஷட் டவுன். நாளைக்குப் புது ஆட்டம்.

பலகை எது, நோட்டு எது?

பலகை என்பது ரேம். நீங்கள் திறந்துவைத்திருக்கும் புரோகிராம்கள், சேமிக்காத எழுத்துகள், பிரவுசரின் முப்பது டேப்கள் எல்லாம் வேலை நடக்கும்போது இருக்கும் இடம் அது. மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம் உண்டு. ரேமில் ஒவ்வொரு துணுக்குத் தகவலும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமான ரேமில் சுமார் 64 மில்லி நொடிக்குள் எல்லா மின்தேக்கிகளையும் ஒரு சுற்று நிரப்பியாக வேண்டும். நொடிக்குப் பதினைந்து சுற்றுக்கு மேல். திரை அணைந்து அமைதியாகக் கிடக்கும் ஸ்லீப் லேப்டாப்புக்குள் இரவு முழுக்க நடப்பது இந்த வேலை. காவலாளுக்குக் கொடுக்கும் கூலி இதுதான்.

நோட்டு என்பது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. விண்டோஸில் இதற்கென்றே சி டிரைவில் 'ஹைபர்ஃபில்' என்ற மறைவான ஃபைல் ஒன்று இருக்கிறது. வழக்கமாக ரேமின் அளவில் 40 சதவீதம் இடம் அதற்கு ஒதுக்கப்படும். 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்குச் சற்று மேல். ரேமில் இருப்பதைச் சுருக்கி எழுதுவதால் பெரும்பாலும் அது போதும். சி டிரைவில் இடமில்லை என்று தேடுகிறவர்கள் இந்தப் பெரிய ஃபைலைக் கண்டுபிடித்து, எங்கோ படித்த ஒரு கட்டளையால் நீக்கிவிடுகிறார்கள். அத்தோடு ஹைபர்நேட் வசதியும் போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்து 'மெனுவில் ஹைபர்நேட்டையே காணோம்' என்று குழம்புவதும் அவர்கள்தான்.

எழுதும் கதையும் படிக்கும் கதையும்

நீங்கள் ஹைபர்நேட் கொடுத்ததும் விண்டோஸ் முதலில் எல்லா டிரைவர்களுக்கும் சொல்லி அனுப்புகிறது. டிரைவர் என்பது ஒரு கருவியின் பாஷை தெரிந்த சின்னப் புரோகிராம். வைஃபைக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் கருவியை நிறுத்திவிட்டு 'நான் தயார்' என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு ரேமில் இருப்பது சுருக்கப்பட்டு டிஸ்க்கில் எழுதப்படுகிறது. கடைசியில் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. திரை கறுத்த பிறகும் சில நொடிகள் டிஸ்க் விளக்கு படபடவென்று மின்னுவதைப் பல மாடல்களில் பார்க்கலாம். எழுத்து வேலை அப்போதுதான் நடக்கிறது. அந்த நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிப் பைக்குள் திணிக்காதீர்கள், பவர் பட்டனையும் தொடாதீர்கள்.

எழுப்பும்போது இயந்திரம் புதிதாக ஆன் ஆவது போலத்தான் தொடங்கும், கம்பெனி லோகோகூட வரும். ஆனால் விண்டோஸைத் தொடக்கத்திலிருந்து ஏற்றாமல், டிஸ்க்கில் எழுதிவைத்ததை எடுத்து ரேமில் பரப்புகிறது. பிறகு ஒவ்வொரு டிரைவரும் தன் கருவியை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும்.

இந்தக் கடைசிப் படியில்தான் பெரும்பாலான தலைவலி. சதுரங்கத்துக்குத் திரும்புங்கள். பலகைக்குப் பக்கத்தில் ஆட்டக் கடிகாரம் ஒன்று இருந்தது. காய்களின் இடத்தை நோட்டில் எழுதிவிட்டோம். கடிகாரத்தில் யாருக்கு எத்தனை நிமிடம் மீதி என்பது பலகையில் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவர்தான் அதைக் குறித்துவைத்திருந்து, மறுநாள் முள்ளைச் சரியாகத் திருப்ப வேண்டும். லேப்டாப்பின் வைஃபை சிப்பும் கிராஃபிக்ஸ் சிப்பும் அப்படித்தான். அவற்றுக்குள்ளேயே சொந்த நிலை ஒன்று இருக்கிறது, அது ரேமின் நகலில் வராது. அதைத் திருப்பி அமைப்பது டிரைவரின் பொறுப்பு. டிரைவர் ஒன்றை மறந்தாலும் திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது வைஃபை காணாமல் போகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்லீப் என்பது ரேமுக்கு மின்சாரம் கொடுத்துக் காப்பது. ஹைபர்நேட் என்பது ரேமை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைவது. கோளாறு மூன்று இடத்தில் வரலாம்: படுக்கப் போகும்போது, படுத்திருக்கும்போது, எழும்போது. உங்கள் லேப்டாப் எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதுதான் முதல் கேள்வி.

முதலில், அது ஹைபர்நேட்தானா?

விண்டோஸ் லேப்டாப்பை மூடினால் பொதுவாக ஸ்லீப்தான் ஆகும். ஹைபர்நேட் என்ற பெயர் பவர் மெனுவில் பல சமயம் தெரியக்கூட தெரியாது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறந்தால், மங்கலாகச் சில தேர்வுகள் இருக்கும். மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' இணைப்பை அழுத்திய பிறகே அவை தெளியும். அங்கே ஹைபர்நேட்டுக்கு டிக் போட வேண்டும். மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆக வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்லலாம்.

எளிய அடையாளமும் உண்டு. திறந்த கணமே லாக் ஸ்கிரீன் வந்து நின்றால் அது ஸ்லீப்பில் இருந்தது. பவர் பட்டனை அழுத்தி, கம்பெனி லோகோ வந்து, பிறகு உங்கள் பழைய ஜன்னல்கள் அப்படியே திரும்பினால் அது ஹைபர்நேட்.

இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், கட்டளைகளை எழுதி அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' என்ற கட்டளையை அடியுங்கள். பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ என்ற எழுத்தும். உங்கள் லேப்டாப்புக்கு எந்தெந்தத் தூக்கம் தெரியும், எது தெரியாது, ஏன் தெரியாது என்று அது பட்டியல் போடும். அதில் எஸ்3 போன்ற குறிகள் வரும். 1996 டிசம்பரில் வெளியான ஏசிபிஐ என்ற பொதுத்தரம் வைத்த பெயர்கள் அவை: எஸ்3 ஸ்லீப், எஸ்4 ஹைபர்நேட். புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 இருக்காது. அதற்குப் பதில் 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று இருக்கும். இதற்கு மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர். செல்போன் போல, திரை அணைந்திருந்தாலும் உள்ளே அவ்வப்போது விழித்துச் சின்னச் சின்ன வேலை பார்க்கும் தூக்கம் அது. பைக்குள் இருந்த லேப்டாப் கொதிக்கக் கொதிக்க வெளியே வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

ஷட் டவுன் செய்தும் தீராத கோளாறு

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நல்ல அனுபவசாலிகளே இங்கே ஏமாறுகிறார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. இது ஆனில் இருந்தால், நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது உங்கள் புரோகிராம்கள் மட்டும் மூடப்படும். விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலும் டிரைவர்களும் ஹைபர்நேட் ஆகின்றன. மறுநாள் சீக்கிரம் ஆன் ஆவதற்காக இந்த ஏற்பாடு.

விளைவு என்ன? குழம்பிப்போன டிரைவர் குழப்பத்தோடு நோட்டில் எழுதப்பட்டு, குழப்பத்தோடு திரும்பி வருகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'அப் டைம்' என்று ஓர் எண் இருக்கும். தினமும் இரவு ஷட் டவுன் செய்யும் லேப்டாப்பில் அது பன்னிரண்டு நாள் என்று காட்டினால் மிரள வேண்டாம், காரணம் இதுதான். கெர்னல் பன்னிரண்டு நாளாகப் புதிதாகத் தொடங்கவே இல்லை. ரீஸ்டார்ட் அப்படியல்ல, அது எல்லாவற்றையும் உண்மையாக மூடிவிட்டுத் தொடங்கும். ஆகவே எந்தத் தூக்கக் கோளாறு என்றாலும் முதல் மருந்து ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதை அதற்குச் சமம் என்று நினைக்க வேண்டாம்.

படுக்கப் போகவே மாட்டேன் என்றால்

ஹைபர்நேட் வசதியே அணைக்கப்பட்டிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதே பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு சாய்கோடு, ஹெச், இடைவெளி, ஆன் என்று ஆங்கிலத்தில் அடித்தால் வசதி திரும்ப வரும். ஆன் என்பதற்குப் பதில் ஆஃப் என்று அடித்தால் ஃபைல் நீங்கிவிடும். நோட்டே கிழிந்திருக்கிறது என்று தோன்றினால், ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள். புது நோட்டு கிடைக்கும். ஆன் செய்யும்போது சி டிரைவில் இடம் வேண்டும். டிரைவ் விளிம்புவரை நிறைந்திருந்தால் முதலில் அதைக் காலி செய்யுங்கள்.

இன்னொரு நுட்பம். அந்த ஃபைலில் முழு வகை, குறைத்த வகை என்று இரண்டு உண்டு. குறைத்த வகை ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு மட்டுமே போதும், முழு ஹைபர்நேட்டுக்கு அதில் இடமில்லை. இடம் மிச்சம் பிடிக்க யாராவது அதை மாற்றிவைத்திருந்தால் ஹைபர்நேட் வேலை செய்யாது.

கையால் கொடுத்தால் ஆகிறது, தானாக மட்டும் ஆகவில்லை என்றால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். ஏதோ ஒரு புரோகிராம் 'நான் வேலையில் இருக்கிறேன், தூங்காதே' என்று பிடித்துவைத்திருக்கிறது. பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு சாய்கோடு 'ரெக்வெஸ்ட்ஸ்' என்று சேர்த்தால் எது என்று பெயரோடு சொல்லும். வீடியோ ஓடும் ஒரு பிரவுசர் டேப்பாகக்கூட இருக்கலாம்.

திரை கறுத்த பிறகும் விசிறி நிமிடக்கணக்கில் ஓடுகிறது என்றால் ஏதோ ஒரு டிரைவர் 'தயார்' சொல்லவில்லை என்று ஊகிக்கலாம். யூஎஸ்பியில் செருகியது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயன்று பாருங்கள்.

நடுராத்திரியில் விழித்துக்கொண்டால்

'லாஸ்ட்வேக்' என்று சேர்த்தால் கடைசியாக எழுப்பியது யார் என்று அதே கட்டளை சொல்லும். 'வேக்டைமர்ஸ்' என்று சேர்த்தால் இனி எழுப்ப அலாரம் வைத்திருப்பது யார் என்று காட்டும். அப்டேட் வேலைகள் இப்படி அலாரம் வைப்பதுண்டு; பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் வேக் டைமர்களைத் தடுத்துவிடலாம். நெட்வொர்க் கார்டு எழுப்புகிறது என்றால், கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.

எழும்போது தடுக்குகிறதா?

இங்கே அறிகுறியைக் கவனமாகப் பாருங்கள், அதுவே பாதிப் பதில்.

லோகோ வந்தது, பிறகு கறுப்புத் திரை. ஆனால் கேப்ஸ் லாக் அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறது. அப்படியானால் விண்டோஸ் உயிரோடு எழுந்துவிட்டது, திரையை எழுப்பும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் எழவில்லை. லேப்டாப் தயாரித்தவரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான கிராஃபிக்ஸ் டிரைவர், சிப்செட் டிரைவர், பயாஸ் மூன்றையும் புதுப்பியுங்கள். பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் புரோகிராம். மின்சாரத்தை வெட்டுவதும் திரும்பக் கொடுப்பதும் அதன் ஒத்துழைப்போடுதான் நடக்கிறது, அதனால் அதையும் விட்டுவிடக் கூடாது.

எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் இல்லை. என் பழைய லேப்டாப் ஒன்று மாதக்கணக்கில் இப்படித்தான் செய்தது. டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிஸேபிள் செய்து எனேபிள் செய்தால் உடனே வந்துவிடும். அந்த ஒரு செயலே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டது: சிப் நன்றாக இருக்கிறது, டிரைவர் அதைச் சரியாகத் திரும்ப அமைக்கவில்லை. டிரைவரை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

கேப்ஸ் லாக்கும் அசையவில்லை, எதுவும் இல்லை என்றால், சில நிமிடங்கள் பொறுத்துவிட்டு பவர் பட்டனைப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். சேமிக்காத வேலை போய்விடும். அதனால்தான் ஹைபர்நேட் கொடுக்கும் முன் கண்ட்ரோல் எஸ் அடித்துவிடுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். நோட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

பழைய ஜன்னல்கள் எதுவும் இல்லாமல் விண்டோஸ் புதிதாகத் தொடங்கினால், நோட்டு செல்லாது என்று முடிவாகியிருக்கிறது. எழுதி முடிக்கும் முன் மின்சாரம் போயிருக்கலாம். அல்லது ஹைபர்நேட்டில் இருக்கும்போது ரேம் மாற்றியிருக்கலாம். எட்டுக்கு எட்டுப் பலகையில் எழுதியதை வேறு அளவுப் பலகையில் அடுக்க முடியாது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு அந்த நேரத்தில் இருந்தால், ஒழுங்காக அணையாமல் மறுபடி தொடங்கியது என்று பொருள்.

இதில் பழைய பேட்டரிக்கு ஒரு பங்கு உண்டு. சார்ஜ் மிகவும் குறைந்தால் தானாக ஹைபர்நேட் ஆகும்படி பல லேப்டாப்களில் அமைப்பு இருக்கும், பெரும்பாலும் 5 சதவீதத்தில். தேய்ந்த பேட்டரி 15 சதவீதம் என்று காட்டிவிட்டு அடுத்த கணம் சட்டென்று செத்துவிடும். எழுத நேரமே கிடைக்காது. 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து அதே கட்டளையை ஓட்டினால், பேட்டரி தயாரானபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்ணும் கிடைக்கும். இரண்டாவது பாதிக்கும் கீழே போயிருந்தால், இங்கே பேட்டரியை மாற்றுவது நியாயம். அதுவரை, தானாக ஹைபர்நேட் ஆகும் அந்த அளவை 10 அல்லது 15 சதவீதத்துக்கு உயர்த்திவையுங்கள்.

சுருக்கமாக: படுக்காவிட்டால் வசதி, இடம், பிடித்துவைத்திருக்கும் புரோகிராம். தானாக விழித்தால் அலாரம். எழாவிட்டால் பெரும்பாலும் டிரைவர்.

ஒரே லேப்டாப்பில் லினக்ஸும் இருந்தால்

விண்டோஸை ஹைபர்நேட்டில் விட்டுவிட்டு, அதைப் போன்ற இன்னொரு ஓஎஸ் (லேப்டாப்பை இயக்கும் மென்பொருள்) ஆன லினக்ஸில் நுழைந்து விண்டோஸ் டிரைவில் எழுதுவது ஆபத்து. டிஸ்க் எப்படி இருந்தது என்ற பழைய கணக்கு விண்டோஸின் நோட்டில் இருக்கிறது. நடுவில் நீங்கள் மாற்றினால் எழுந்ததும் அது பழைய கணக்கை நம்பியே எழுதும், ஃபைல்கள் சிதையும். அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் அனுமதித்து நிற்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுனுக்குப் பிறகும் இதே நிலைதான். இரண்டு ஓஎஸ் வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிடுவது நல்லது.

லினக்ஸே ஹைபர்நேட் ஆக வேண்டுமானால் ஸ்வாப் என்ற இடம் டிஸ்க்கில் போதுமான அளவு வேண்டும். அங்கேதான் அது எழுதும். சில லினக்ஸ்களில் ஸ்வாப் ரேமுக்குள்ளேயே இருக்கும்படி அமைத்திருப்பார்கள். அங்கே எழுதிப் பயனில்லை, மின்சாரம் போனதும் எழுதியதும் போய்விடும். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் அமைப்பு ஆனில் இருந்தால் பல லினக்ஸ்கள் ஹைபர்நேட்டை மறுத்துவிடும் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னச் சோதனை

சரி, இப்போது உங்கள் லேப்டாப். ரீஸ்டார்ட் செய்யுங்கள். யூஎஸ்பி, வெளித்திரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சார்ஜரை மட்டும் செருகுங்கள். நோட்பேடில் ஒரு வரி எழுதி, சேமிக்காமல் ஹைபர்நேட் கொடுங்கள். விளக்குகள் எல்லாம் அணையும்வரை பாருங்கள். அப்புறம் சார்ஜரையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பவர் பட்டனை அழுத்துங்கள். அந்த ஒரு வரி திரும்பி வந்துவிட்டால் டிஸ்க்கும் பயாஸும் அடிப்படை டிரைவர்களும் தங்கள் வேலையைச் செய்கின்றன. இனி கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் இதே சோதனையைச் செய்யுங்கள். எதைச் செருகியபோது அந்த வரி திரும்பவில்லையோ, அதன் டிரைவரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.